தேரி மணலில் ஒரு ரோல் பிலிம்

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்த வருஷமும் அவர் தேரியைப் படம் பிடிக்கத் தொடங்கிய வருஷமும் ஒன்றுதான். எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடிக்குப் புதுத் துறைமுகம் வந்த புதிது. அவருக்குத் துறைமுகத்தில் வரைபடம் போடுகிற வேலை. நான் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். 'இனிமேல் தினமும் காலையில் ஊசி' என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலம், மனிதர் ஒரு பழைய கேமராவை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை. லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தேரி என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாத்தான்குளத்துக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற செம்மண் காடு. காடு என்பது பேருக்குத்தான். அங்கங்கே பனை நிற்கும், முந்திரி காய்க்கிற கொல்லாமரம் படர்ந்திருக்கும், உடைமுள் கிடக்கும். மீதியெல்லாம் மணல், மைல் கணக்கில் மணல். காற்று கிளம்பிவிட்டால் நேற்றுப் பார்த்த மேடு இன்றைக்கு அந்த இடத்தில் இருக்காது. குங்குமத்தைக் கொட்டியது போலச் சிவந்து கிடக்கிற அந்த மண்ணை இவர் கறுப்பு வெள்ளையில் படம் எடுப்பார். "சிவப்பை எடுக்காம என்னத்தை எடுக்கிய?" என்று கேட்டால், "சிவப்பை எல்லாரும்தான் பாக்காவ. நான் நெழலைல்லா எடுக்கேன்" என்பார்.

அந்த நிழலுக்குத்தான் இத்தனை பாடும். காற்று மணலில் வரி வரியாகக் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கும். சூரியன் தரையை ஒட்டி நிற்கும்போது மட்டும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிழல் விழும். கொஞ்சம் ஏறிவிட்டால் நிழல் சுருங்கி, மணல் வெறும் தரையாகிவிடும். அதை இவர் 'செத்த வெளிச்சம்' என்பார். விடிகிற நேரத்தில் தேரிக்குள் இருக்க வேண்டுமானால் முந்தின நாளே போய்த் தங்குவதுதான் வழி, அந்த நேரத்துக்கு எந்த பஸ் போகிறது? ஆகவே ஒரு தார்ப்பாயும் பம்ப் ஸ்டவ்வும் தண்ணீர்க் குடமுமாகப் போய், இரண்டு பனைக்கு நடுவில் தார்ப்பாயைக் கட்டி, உள்ளே படுத்துக்கொள்வோம். "படித்த பெண், கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து நரிக்குறத்தி மாதிரி கூடாரம் அடிக்கிறாள்" என்று என் நாத்தனார் சொன்னதாகக் காதில் விழுந்தது. சொல்லட்டும். நான் படம் பார்க்கப் போகவில்லை. ஊசியைப் பார்த்துக்கொள்ளப் போனேன்.

டாக்டர் என்னைத் தனியே உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். ஊசி போட்டு அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். சாப்பிடாவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். முதலில் கை நடுங்கும், வேர்க்கும், காரணமில்லாமல் கோபம் வரும். பிறகு பேச்சுக் குழறும், புத்தி தடுமாறும். அதற்குப் பிறகு மயக்கம். மயக்கத்தையும் தாண்டிவிட்டால்... டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. "இனிப்பு எப்பவும் கையில இருக்கட்டும்மா" என்றார். அன்றிலிருந்து என் முந்தானையில் ஒரு கருப்பட்டித் துண்டு முடிந்திருக்கும். வகுப்பில் பாடம் நடத்தும்போதுகூட இருக்கும். எறும்பு ஏறிப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள்.

கோபம் வந்தால் கவனியுங்கள் என்று டாக்டர் சொன்னாரே, அதுதான் எனக்குப் பெரிய தொல்லை. இவருக்குக் கோபம் வராத நேரம் எது? காபியில் ஆடை மிதந்தால் கோபம், செய்தித்தாளை யாராவது முதலில் பிரித்தால் கோபம். இதில் எது வியாதி, எது சுபாவம் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு முறை குரல் உயரும்போதும் நெற்றியில் வேர்வை இருக்கிறதா என்று பார்ப்பேன். தூத்துக்குடியில் யார் நெற்றியில்தான் வேர்வை இல்லை!

இதற்கெல்லாம் மேலே ஜெபம். என் மாமனார் சபையில் வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாராக இருந்தவர். அந்த வீட்டில் காலை ஜெபம் முடியாமல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது. பால்குடி மறந்த பிள்ளைகள் முதல் படுக்கையில் கிடக்கிற கிழவர்கள் வரை எல்லோருக்கும் அதே சட்டம். ஒரு பாட்டு, வேதத்தில் ஒரு அதிகாரம், பிறகு ஜெபம். என் பிறந்த ஊரும் சபைக்காரர்கள் நிறைந்த நாசரேத்துதான், நாங்களும் ஜெபம் பண்ணாதவர்கள் இல்லை. ஆனால் எங்கள் அப்பா இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவார். இவர் தன் அப்பாவைப் போலக் குருவானவரில் ஆரம்பித்து, நோயாளிகள், பரீட்சை எழுதுகிறவர்கள், கடலில் போகிறவர்கள் என்று ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் ஆமென் சொல்வார். ஊசி போட்ட பிறகு இந்தச் சுற்றை நான் அடுப்படியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பேன். கடலில் போகிறவர்களை அடைந்ததும் இட்லியைத் தட்டில் வைப்பேன்.

அன்று மே மாதக் கடைசி. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஒருமுறை போய்வந்துவிட வேண்டும் என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். குதிரைமொழிப் பக்கம் தேரியில் தங்கியிருந்தோம். கிழக்கு வெளுக்கும்போதே எழுந்து, ஸ்டவ்வைப் பற்றவைத்து ஊசியைக் கொதிக்க வைத்தேன். ஈரத்துணி சுற்றிச் சின்னப் பானைக்குள் வைத்திருந்த மருந்தை எடுத்துக் கொடுத்தேன். இவரே தொடையில் போட்டுக்கொண்டார். அதுவரை ஒழுங்காக எரிந்த ஸ்டவ், உப்புமாவுக்குத் தண்ணீர் வைத்ததும் படக்கென்று அணைந்தது. தென்மேற்கிலிருந்து காற்று கிளம்பியிருந்தது. நான் பற்றவைக்க, அது அணைக்க, நான் பற்றவைக்க. தீப்பெட்டி காலியாகிக்கொண்டிருந்தது.

இவர் எழுந்து நின்று கிழக்கே பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"எங்க போறிய?"

"உப்புமா ஆகட்டும். அதுக்குள்ள ரெண்டு படம் எடுத்துட்டு வந்துருதேன். வரி இன்னைக்கு எப்படி விழுந்திருக்கு பாரு!"

"ஊசி போட்டாச்சு. இந்தப் பன் ரொட்டியையாவது தின்னுட்டுப் போங்க."

"ஜெபம் பண்ணாம எப்படிளா திங்க?"

"அப்ப ஜெபத்தைப் பண்ணுங்க!"

"அதுக்குள்ள வெளிச்சம் போயிரும். அஞ்சே நிமிஷம். வந்து ஜெபம் பண்ணுவோம்."

இதில் என்ன நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள். ஜெபத்தை ஒத்திப்போடலாமாம், ஜெபம் இல்லாமல் பன் தின்னக் கூடாதாம். நான் எழுந்து கையைப் பிடித்து நிறுத்தியிருப்பேன். அந்த நேரம் பார்த்து ஸ்டவ் மறுபடி அணைந்தது, பாத்திரம் சரிந்தது. அதை நிமிர்த்திவிட்டுத் திரும்பினால் கேமரா ஸ்டாண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிழக்கு மேட்டின் மறுபுறம் இறங்கிவிட்டார்.

உப்புமா ஒருவழியாக வெந்தது. மூடி வைத்தேன். ஐந்து நிமிஷம் போனது, பத்து நிமிஷமும் போனது. நிழல் குறைந்தது. மணல் தார்ப்பாயில் சடசடவென்று அடித்தது. வெளிச்சம் செத்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. வெளிச்சம் போன பிறகும் இந்த மனிதர் ஏன் வரவில்லை? அந்தக் கேள்வி தோன்றியதும் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு, முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கிளம்பினேன்.

மேட்டில் ஏறிப் பார்த்தால் தடம் இல்லை. இறங்கிப் போன கால்தடம் ஒன்றுகூட இல்லை. காற்று துடைத்துவிட்டிருந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே மேடு, அதே பனை. முந்தின நாள் சாயங்காலம் அவர் தென்பக்கத்து மேடு ஒன்றைக் காட்டி ஆசைப்பட்டது நினைவு வந்து அந்தப் பக்கம் ஓடினேன். கால் முழங்கால் வரை புதைந்தது. "கேட்டியளா! எங்க இருக்கிய?" என்று கத்தினேன். காற்று எதிர்த்து அடித்ததில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வாயெல்லாம் மணல்.

காய்ந்து விழுந்த காவோலை பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் எதிரே வந்தாள்.

"ஏளா, ஒத்தையில எங்க ஓடுத?"

"அக்கா, கேமராவோட ஒருத்தர் இங்கன வந்தாவளா? வெள்ளைச் சட்டை."

"நான் யாரையும் பாக்கலியே. காத்து இப்படி அடிக்கையில உள்ள போவலாமா? தடம் தெரியாதே! அந்தா ரோட்டுப் பக்கம் போய்ப் பாரு. பயந்து வெளிய வந்திருப்பாவ."

இவராவது பயப்படுவதாவது! ரோடு மேற்கே இருந்தது. அங்கே போய்வர ஒரு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. 'ஆண்டவரே, இவரை இப்படிச் சாகவிட்டால் நான் உம்மிடம் பேசமாட்டேன்' என்று சொல்லிவிட்டேன். சத்தமாகவே சொன்னேன். அந்தப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அப்படியே மணலில் நின்றேன். பரீட்சையில் கணக்கு வராமல் அழுகிற பிள்ளைகளிடம் நான் என்ன சொல்வேன்? தெரியாததை விடு, தெரிந்ததை எழுது என்பேன். சரி, எனக்கு என்ன தெரியும்? இந்த மனிதர் படம் எடுக்கிற விதம் தெரியும். எத்தனை காலை இவர் பின்னால் பிலிம் மாற்றுகிற கறுப்புத் துணியைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன்! சூரியனை முதுகுக்குப் பின்னாலும் வைக்கமாட்டார், முகத்துக்கு நேராகவும் வைக்கமாட்டார். எப்போதும் தோளுக்குப் பக்கவாட்டில்தான் வைப்பார், அப்போதுதான் வரியின் நிழல் குறுக்கே விழும். சூரியன் கிழக்கே என்றால் அவர் பார்த்து நடந்தது ஒன்று வடக்கு, இல்லை தெற்கு. தெற்கே போனால் காற்று முகத்தில் அடிக்கும், லென்ஸில் மணல் ஏறும். லென்ஸில் ஒரு பொட்டு மணல் பட்டால் பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது போலத் துடிக்கிறவர் தெற்கே போயிருக்கவே மாட்டார். நான் இவ்வளவு நேரம் ஓடியது தெற்கே.

திரும்பினேன். எங்கள் தார்ப்பாயைத் தாண்டி, சூரியனை வலது தோளில் வைத்துக்கொண்டு வடக்கே நடந்தேன். ஓடவில்லை. ஓடினால் திசை மாறிவிடும் என்று பயமாக இருந்தது. ஒரு மேடு ஏறி இறங்கினேன். ஒன்றும் இல்லை. இரண்டாவது மேட்டிலும் இல்லை. என் கணக்குத் தப்பாக இருந்தால் என்ன ஆகும்? மூன்றாவது மேட்டின் உச்சிக்கு வந்தபோது கீழே பள்ளத்தில் கேமரா ஸ்டாண்டு மூன்று காலையும் விரித்துக்கொண்டு நின்றது. அதன் பக்கத்தில் இவர் உட்கார்ந்திருந்தார்.

உயிரோடு இருக்கிறார் என்று கண்டதும் பாதி தூரம் சறுக்கியே இறங்கினேன். கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் நிலைமை புரிந்தது. அடிக்கிற காற்றில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கேமராவின் முதுகு திறந்து கிடந்தது. பிலிம் முழுவதையும் வெளியே உருவி, வெட்டவெளி வெயிலில், மடியில் போட்டு விரலில் நூல் சுற்றுவது போலச் சுற்றிக்கொண்டிருந்தார். வெளிச்சம் பட்டால் பிலிம் பாழ் என்று கறுப்புத் துணிக்குள் கையை விட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு ரோல் மாற்றுகிற மனிதர்! கையெல்லாம் நடுங்கியது. என்னை நிமிர்ந்து பார்த்த கண்ணில் நான் இல்லை.

"தள்ளு... நெழல் விழுது" என்றார். நாக்கு தடித்திருந்தது.

நான் மண்டியிட்டு, முடிச்சை அவிழ்த்துக் கருப்பட்டியை எடுத்து வாயருகே கொண்டுபோனேன். அவர் கையைத் தட்டிவிட்டார். மறுபடி கொண்டுபோனேன். பல்லை இறுகக் கடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினார்.

"ஜெபம்..."

"என்னது?"

"ஜெபம் பண்ணல... இன்னும்."

எனக்கு அழுகை வந்ததா, வெறி வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. தன் பெயரைக் கேட்டால் சொல்வாரோ என்னவோ, என் முகம் தெரியவில்லை, உயிராக வைத்திருந்த பிலிமை உருவிப் போட்டிருக்கிறார். ஆனால் உபதேசியார் வீட்டுச் சட்டம் மட்டும் அந்த மூளையில் கல்லாக நின்றது. நான் கண்ணை மூடி, "ஆண்டவரே இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும் ஆமென்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "இந்தா முடிஞ்சுது, வாயைத் திறங்க!" என்றேன்.

"இதென்ன... ஜெபம்" என்றார். எரிச்சலாக வேறு சொன்னார். கை கூப்பினார். கூப்பிய கை ஒன்றோடொன்று சேரவில்லை. தானே ஆரம்பித்தார். "அன்பின்... பரலோகப் பிதாவே..."

கேட்டீர்களா அநியாயத்தை! உயிர் இறங்கிக்கொண்டிருக்கிறது, இவர் குருவானவரில் தொடங்குகிறார். ஆனால் வாய் திறந்திருந்தது. அது போதும் எனக்கு. கருப்பட்டியைப் பொடித்துப் பாட்டில் மூடியில் தண்ணீரில் குழைத்தேன். 'பிதாவே' என்று வாய் திறந்தபோது ஒரு விரல் வழித்துக் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்தேன். விழுங்கினார், தொடர்ந்தார். "எங்கள்... குருவானவரை..." இன்னொரு விரல். "சுகவீனமாய் இருக்கிறவர்களை..." இன்னொரு விரல். நோயாளிகளுக்காக இவர் ஜெபம் பண்ண, நான் அதற்குள் கருப்பட்டியைத் திணித்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே நீண்ட இடைவெளி விழுந்தபோதெல்லாம், "நிறுத்தாதிய, சொல்லுங்க, இன்னும் யாரு இருக்கா, பரீட்சை எழுதுற பிள்ளைகளைச் சொல்லுங்க!" என்று கெஞ்சினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ஜெபம் நீளட்டும் என்று வேண்டினேன்.

கடலில் போகிறவர்களைச் சொன்னபோது குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது. ஆமென் என்று சொல்லவில்லை. பாதியில் நிறுத்தி, கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்தார். இந்தத் தடவை என்னைத்தான் பார்த்தார்.

"நீ எப்பளா வந்த?"

"இப்பதான்" என்றேன். கருப்பட்டி பூசின விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

அவருக்கு எதுவும் நினைவில்லை. மேட்டிலிருந்து இறங்கியதும் ஸ்டாண்டை ஊன்றியதும்தான் தெரியும். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு மடியைப் பார்த்தார். பிலிம் சுருண்டு கிடந்தது. அதை மெல்லத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். "யாரு இதை உருவுனது?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் தன் வலது கையைப் பார்த்தார். பிலிமோடு வரும் கறுப்புத் தாளின் ஒரு கிழிசல் கட்டைவிரலில் ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மாறத் தொடங்கியது.

அது பயம். டாக்டர் எவ்வளவோ சொல்லியும் வராத பயம், நான் அழுதும் கத்தியும் வராத பயம். இந்த மனிதருக்கு ஒரு நாளாவது வரட்டும், வந்தால்தான் திருந்துவார் என்று நான் எத்தனை நாள் நினைத்திருக்கிறேன்! இப்போது வந்துகொண்டிருந்தது. தனக்கே தெரியாமல் தன் கை செய்த காரியத்தை அவர் புரிந்துகொள்ளப் போகிற அந்த நொடியில், அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"நான்தான்" என்றேன்.

"நீயா?"

"ஆமா. நீங்க அசந்து உக்காந்திருந்திய. கேமராவை எடுத்து வைக்கலாம்னு தொட்டேன். திறந்துக்கிட்டு. உங்க விரல்ல இருக்கது நான் பிடுங்கினப்போ ஒட்டினது."

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். நம்புவதா வேண்டாமா என்று யோசித்தார் போலிருக்கிறது. பிறகு அந்தப் பயம் முகத்திலிருந்து இறங்கியது, பழைய ஆள் வந்துவிட்டார்.

திட்டினார். பன்னிரண்டு படமும் போச்சே என்றார், இப்படி ஒரு வரி இனி இந்த ஜென்மத்தில் விழுமா என்றார், கேமராவைத் தொடாதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்றார், கணக்கு டீச்சருக்குப் பூட்டு எது திறப்பு எது என்றுகூடத் தெரியாதா என்றார். ஒரு சொல் குழறவில்லை. நான் மணலில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். மீதிக் கருப்பட்டியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"தின்னுக்கிட்டே திட்டுங்க" என்றேன்.